ஸ்னோமொபைல் பின் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங் மாற்றவா, ஷாக்கைப் பிரிக்கவா?

வணக்கம். கனடாவின் ஒன்டாரியோவில் ஹாலிபர்ட்டன் பக்கத்து டிரெயில்களில் (பனிப்பாதைகளில்) ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் வண்டி, ஓட்டுகிறேன். வண்டிக்கு 137 அங்குல டிராக் (பனியில் வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை). மதியத்துக்கு மேல் பாதை மேடுபள்ளமாகிவிடும். அப்போது ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் அடிவரை இறங்கி 'டங்'கென்று இடிக்கிறது. வலி முதுகுத்தண்டு வரை ஏறுகிறது.

பின்பக்கத்தைத் தாங்கும் முறுக்குச் சுருளான டார்ஷன் ஸ்பிரிங்கின் கேமை (அதன் இறுக்கத்தை மாற்றும் கட்டையை) மிக இறுக்கமான கடைசி நிலைக்குத் திருப்பியும் பார்த்துவிட்டேன். அப்படியும் நான் ஏறி உட்கார்ந்தாலே பின் பம்பர் 5 அங்குலம் இறங்குகிறது. உடுப்பு, ஹெல்மெட்டோடு என் எடை 105 கிலோ. ஸ்பிரிங்தான் எனக்குப் போதவில்லை என்று நினைக்கிறேன்.

லிமிட்டர் ஸ்ட்ராப்பை (பின் சஸ்பென்ஷனின் முன்பகுதி கீழே விரியும் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டையை) ஒரு துளை இறுக்கினேன். வளைவில் முன்னால் உள்ள ஸ்கீ (சறுக்குக் கட்டை) நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் ஸ்டியரிங் கனத்துவிட்டது.

முதலில் கெட்டியான ஸ்பிரிங் போடலாமா? இல்லை, ஷாக்கை (அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பரை) பிரித்து எண்ணெயும் வாயுவும் மாற்றினாலே சரியாகிவிடுமா? இதே எடையில் ஓட்டுபவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.