கடலூரில் மாணவர் பேரவைக் கட்டடம்: டெண்டருக்கு முன் எதை மாற்றச் சொல்வது?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைக்குத் தனிக் கட்டடம் வரப்போகிறது. கட்டடக் குழுவில் மாணவர் தரப்பில் நானும் இருக்கிறேன். இடம் கிழமேலாக 40 மீட்டர், தென்வடலாக 70 மீட்டர். தாழ்வான களிமண் தரை. ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றரை மீட்டர் தோண்டினாலே தண்ணீர். மொத்தம் 900 ச.மீ.: 300 பேர் உட்காரும் அரங்கு, கேன்டீன், மன்றங்களுக்கு எட்டு அறை, படிப்பறை, மாணவிகள் ஓய்வறை. வந்திருக்கும் வரைபடத்தில் நீளப் பக்கம் மேற்கே சாலையைப் பார்க்கிறது, அது முழுக்கக் கண்ணாடி. அரங்குக்கு ஏசி. மொட்டை மாடியில் சோலார் வைத்தால் பசுமைக் கட்டடம் ஆகிவிடும் என்கிறார்கள். இன்னும் ஒரு கூட்டம்தான் பாக்கி. எதை விடாமல் கேட்க வேண்டும்?

திண்ணை:
தம்பி, சோலாரைக் கடைசியில் பேசுங்கள். முதல் சிக்கல் அந்த மேற்குக் கண்ணாடி. பேரவைக் கட்டடத்தில் கூட்டம் சேர்வது வகுப்பு விட்ட பிறகு, மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை. அந்த நேரத்தில்தான் மேற்கு வெயில் சாய்ந்து உள்ளே வரும். சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் தாழ்ந்த வெயிலை அது தடுக்காது. கண்ணாடிக்குள் புகுந்த சூட்டை வெளியேற்ற ஏசி, அந்த ஏசிக்காக சோலார் என்று செலவு ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும்.

ஒரே நீளக் கட்டடத்துக்குப் பதில், கிழமேலாக நீண்ட இரண்டு கட்டடம் கேளுங்கள். தெற்கே அரங்கு: 28 × 12 மீட்டர், ஒரே தளம், உயரம் 5 மீட்டர். வடக்கே மன்ற அறைகளும் கேன்டீனும்: 28 × 10 மீட்டர், இரண்டு தளம். கூட்டினால் 896 ச.மீ., உங்கள் கணக்குக்குள்தான். நடுவில் 10 மீட்டர் முற்றம் விடுங்கள். கோடையில் பிற்பகல் காற்று தென்கிழக்கிலிருந்து வரும், அதனால் தாழ்ந்த கட்டடம் தெற்கே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் உயர்ந்த கட்டடம் முற்றத்துக்கு வரும் காற்றை மறித்துவிடும்.

இரண்டுக்கும் மேற்கு ஓரத்தில் படிக்கட்டு, கழிப்பறை, சாமான் அறை. சுவருக்கு வெளியே புங்கனும் பூவரசும் நடுங்கள். மயிற்கொன்றை புயலில் முறியும்.

சன்ஷேடு எல்லாப் பக்கமும் ஒரே அளவு 60 செ.மீ. என்று வரைந்திருப்பார்கள், பாருங்கள். கடலூரில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். சன்ஷேடிலிருந்து ஜன்னலின் அடிவரை 1.5 மீட்டர் என்றால், தெற்கில் 1.05 மீட்டர் நீட்டினால்தான் முழு நிழல். வடக்கையும் விட்டுவிடக் கூடாது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கும். அங்கே 60 செ.மீ. போதும்.

குழுவில் யாராவது நம்ப மறுத்தால் புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைச் சொல்லுங்கள். ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய கான்கிரீட் கட்டடம். வடக்கு, தெற்கு முகம் முழுக்கத் திருப்பி மூடும் கிடைப் பலகைகள். மழை வந்தால் சாய்க்கலாம், காற்று வேண்டுமென்றால் திறக்கலாம்.

எட்டு மன்றத்துக்கும் எட்டு அறை தேவையா என்றும் கேளுங்கள். பூட்டு அலமாரியோடு நான்கு பொது அறை, நேரம் பிரித்துக்கொண்டால் சரியாக வரும்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி. சுவருக்கு ஆரோவில்லில் போல மண் கட்டி வைக்கலாமா? தோண்டும் மண்ணையே பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார்.

கம்பியும் கலவையும்:
உங்கள் மண்ணில் வேண்டாம். அழுத்திய மண் கட்டிக்கு மணல் கலந்த செம்மண் வேண்டும். அதில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து, 28 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். ஆரோவில் மேட்டில் அந்த மண் காலடியில் கிடைக்கிறது. களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். லாரியில் செம்மண் கொண்டுவருவதற்கு, பக்கத்து நெய்வேலிச் சாம்பலில் செய்த செங்கல் மேல். அதற்குக் கலவை 1:6 (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) போதும். வலுவாகக் கலந்தால் சுவர் கீறும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் பூசுவதற்கு முன் கோழிவலை அடிக்கச் சொல்லுங்கள்.

நம் கரையில் கட்டடத்தின் ஆயுளைத் தின்பது உப்பு. இருபது வருடத்தில் கம்பி துருப்பிடித்து இடிக்க வேண்டி வந்தால், எத்தனை மரம் நட்டும் பயனில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456, கடலோரக் காற்றுபடும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்கிறது: எம் 30 வலுத்தரக் கான்கிரீட், கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், தண்ணீர் சிமென்ட்டில் 0.45 பங்குக்கு மேல் கூடாது, கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மி.மீ. சைட்டில் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் 25 மி.மீ. அளவில் கிடக்கும், அதையே செருகுவார்கள். கான்கிரீட் போடும் முன்பே டேப் வைத்து அளந்து பாருங்கள். போர் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்; குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கலவைக்கு ஆகாது.

தரைமட்டம்: 2015 வெள்ளம் அந்த இடத்தில் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்துச் சுவரில் தேடி, அதற்கு மேல் 60 செ.மீ. வையுங்கள். பேனல் போர்டும் இன்வெர்ட்டரும் மாடியில்.

இன்னொன்று பலரும் மறப்பது. நிலத்தடி நீர் மேலே வரும் இடத்தில் காலித் தொட்டி மிதக்கும். 3 × 4 × 2 மீட்டர் செப்டிக் தொட்டியைச் சுற்றி நீர் விளிம்புவரை ஏறினால் தூக்கும் விசை 24 டன். தொட்டியின் சொந்த எடை அதற்குக் குறைவாக இருந்தால் மேலே கிளம்பிக் குழாயை முறிக்கும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி, அதன் மேல் மண் எடை ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் உறிஞ்சிச் சுத்தம் செய்யவும் கூடாது.

மின்னும் நீரும்:
அதே காரணத்தால் உங்கள் இடத்தில் மழைநீரை நிலத்துக்குள் விடும் உறிஞ்சு குழி மழைக்காலத்தில் வேலை செய்யாது. குழிக்குள் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும். 600 ச.மீ. கூரையில் வருடம் 1,200 மி.மீ. மழைக்கு, 20 சதவீதம் கழித்தாலும் 5.76 லட்சம் லிட்டர். தரைக்கு மேல் 40,000 லிட்டர் தொட்டி கட்டி, கழிப்பறைக்கும் தரை கழுவவும் எடுங்கள். கூரை அழுக்கோடு வரும் முதல் 1 மி.மீ. மழை, அதாவது 600 லிட்டர், தனியே வெளியேற வேண்டும்.

தொட்டியைவிட வழிந்தோடும் பாதை முக்கியம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. பெய்தது. உங்கள் கூரைக்கு அது 2.88 லட்சம் லிட்டர். மணிக்கு 100 மி.மீ. மழைக்கு 110 மி.மீ. குழாய் ஒன்று சுமார் 80 ச.மீ. கூரையைத்தான் தாங்கும். எட்டு குழாய் கணக்கு வரும்; இலை அடைக்கும், பத்து வையுங்கள்.

சோலார் 20 கிலோவாட் என்றால் 200 ச.மீ. நிழலில்லாத இடம், நாளுக்கு சுமார் 80 யூனிட். கடலூருக்குக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று, கட்டடம் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சொல்கிறது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். கூரை ஓரத்திலும் மூலையிலும் காற்று இழுப்பு இன்னும் கூடும், பேனல்களை அங்கிருந்து உள்ளே தள்ளுங்கள். கான்கிரீட் கட்டையைப் பாரம் வைத்து நிறுத்துவதை ஏற்காதீர்கள், ஸ்லாபில் போல்ட் வேண்டும்.

உங்கள் கூட்டம் மாலையில், சோலார் பகலில். மாவு அரைப்பது, தண்ணீர் ஏற்றுவது இரண்டையும் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 75 வாட் மின்விசிறிக்குப் பதில் மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி விசிறி அறுபது போட்டால் 2.7 கிலோவாட் குறையும். ஏசி வேண்டுமென்றால் 60 பேர் அறை ஒன்றுக்கு மட்டும்.

கேன்டீன் அடுப்படி வடமேற்கு மூலையில் இருக்கட்டும், கோடைக் காற்றில் புகை வெளியே போய்விடும். 50 கிலோ உணவுக் கழிவிலிருந்து வரும் பயோகேஸ் சுமார் 2 கிலோ எல்பிஜிக்குச் சமம். விடுமுறையில் கழிவு வராமல் பயோகேஸ் கலன் செயலிழக்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் யார் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கம்பியும் கலவையும்:
டெண்டரில் ஒரு வரி சேருங்கள் தம்பி: ஒப்பந்தக்காரருக்குத் தராமல் பிடித்து வைத்த பணத்தை விடுவிப்பது, கட்டடம் ஒப்படைத்த பின் ஒரு முழு வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, முடிந்த பிறகே. ஜனவரியில் ஒப்படைத்து ஆறு மாதத்தில் கணக்கு முடித்தால் ஒழுகும் இடம் ஒன்றும் தெரியாது.

கெடிலக்கரை:
அந்த வரியையும் இரண்டு கட்டட வரைபடத்தையும் கூட்டத்தில் வைக்கிறேன். சாலைப் பக்கம் முகப்பு வேண்டும் என்று கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது?

திண்ணை:
முற்றத்தின் மேற்கு வாயையே முகப்பாக்குங்கள். 10 மீட்டர் அகல நுழைவு, மேலே பந்தல், இரண்டு பக்கமும் திண்ணை. சாலையில் நிற்பவருக்கு உள்ளே மரமும் ஆட்களும் தெரியும்.