லீவு முடிவதற்குள் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குமரி சொந்தங்களே, வணக்கம். எனக்குக் கருங்கல் பக்கம். துபாயில் ஏசி மெக்கானிக். இப்போது லீவில் வந்திருக்கிறேன். ஊர் லைசென்ஸ் அடுத்த வருடம்தான் காலாவதியாகிறது. 2019 சட்டத் திருத்தப்படி ஒரு வருடத்துக்கு முன்பே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடியும் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். இந்த வயதில் அதற்கு யாரால் ஆகும்?

துபாயில் குடியிருப்பு விசா வந்தபிறகு நம்ம லைசென்ஸை வைத்து அங்கே வண்டி ஓட்ட முடியாது. ஆனால் பயிற்சி வகுப்பு இல்லாமல் நேராகத் தேர்வுக்குப் போகும் 'கோல்டன் சான்ஸ்' இருக்கிறது. அதற்கு ஊர் லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். கம்பெனி வண்டி கைக்கு வந்தால் சம்பளமும் கொஞ்சம் ஏறும், அதுதான் அவசரம்.

நாகர்கோவிலில் எடுத்த டிஎன் 74 லைசென்ஸை மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீஸில் புதுப்பித்தவர்கள் யாராவது உண்டா? முகவரி மாற்றச் சொன்னார்களா? வயது நாற்பது தாண்டியதால் 1ஏ படிவத்தில் (மருத்துவச் சான்று) டாக்டர் கையெழுத்து வேண்டும். இந்தப் பக்கம் யார் போட்டுத் தருகிறார்கள்? அப்புறம், அட்டை தபாலில் வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். அம்மா வாங்கினால் தருவார்களா?

புரோக்கர் நம்பர் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.