பட்டியல் கிடைத்தது, எதிர்வீட்டு அக்கா பேசுவதை நிறுத்தினார்

மனு எழுதுகிறவன்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டவர்கள், அதற்குப் பதில் எழுதும் நாற்காலியில் இருந்தவர்கள், யாரோ போட்ட மனுவில் தன் பெயர் சிக்கிக்கொண்டவர்கள் எல்லோரும் உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். "தனிப்பட்ட தகவல், வழங்க இயலாது" என்ற வரியை வாங்கியவர்கள் அவசியம் எழுதுங்கள். முதலில் என் கதை. இதில் நான் நல்லவன் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் முதியோர் உதவித்தொகை மனு இரண்டாவது முறையாகத் தள்ளுபடி ஆனது. மாடி வீடு இருப்பவர்களுக்கெல்லாம் பணம் வருகிறது என்று ஊரில் ஒரே பேச்சு. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, எங்கள் கிராமத்தில் எந்தத் திட்டத்தில் யார் யார் ஓய்வூதியம் பெறுகிறார்கள், ஆணை எந்தத் தேதியில் போடப்பட்டது என்று கேட்டேன். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. பிரிவு 8(1)(ஜே), தனிப்பட்ட தகவல், வழங்க இயலாது. அவ்வளவுதான்.

மேல்முறையீட்டில் இரண்டு விஷயம் எழுதினேன். மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(பி) சொல்கிறது. மறைக்க வேண்டிய பகுதி ஏதாவது இருந்தால் அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று பிரிவு 10 சொல்கிறது. வேலை செய்தது. பதினொரு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பதினொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பட்டியலில் 'திட்டம்' என்று ஒரு பத்தி இருந்ததை நான் யோசிக்கவே இல்லை. எதிர்வீட்டு அக்காவின் பெயருக்கு நேராக "கணவனால் கைவிடப்பட்டவர்" என்று இருந்தது. கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்றுதான் அவர் எட்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. மறுநாள் காலை வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "நான் வாங்குறது ஊருக்குத் தெரிஞ்சா பரவாயில்ல தம்பி. எதுக்கு வாங்குறேன்னு ஏன் தெரியணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

பாட்டிக்கு ஆறு மாதம் கழித்து ஆணை வந்தது. பட்டியலில் இரண்டு பெயர்கள் சந்தேகத்துக்குரியவைதான், அது தனிக் கதை. ஆனால் ஆதார் எண்ணை மறைத்த அந்த அலுவலருக்கும் சரி, சட்டப் பிரிவெல்லாம் மேற்கோள் காட்டிய எனக்கும் சரி, அந்த ஒரு பத்திதான் மறைக்க வேண்டியது என்று தோன்றவே இல்லை.

ரிட்டயர்டு தகவல் அலுவலர்

தம்பி, உங்கள் மனுவுக்கு அந்த ஒற்றை வரிப் பதிலை எழுதியவர் நானில்லை. ஆனால் அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். ஒன்பது வருஷம் பொதுத் தகவல் அலுவலராக இருந்தேன். எங்கள் வழக்கமான வேலையோடு சேர்த்துத் தலையில் கட்டப்பட்ட வேலை அது. தாமதமானால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை சொந்தச் சம்பளத்திலிருந்து அபராதம் போகும். தகவலைக் கொடுத்து மாட்டிக்கொள்வதா, மறுத்து மாட்டிக்கொள்வதா என்று பார்த்தால் மறுப்பதுதான் பத்திரம் என்று தோன்றும்.

2012-ல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓர் ஊழியருக்குக் கொடுத்த மெமோ, தண்டனை ஆணை, அவருடைய சொத்து விவரம் எல்லாம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால்தான் தரலாம் என்றது. எங்கள் அலுவலகத்தில் அதை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தோம். 'பொதுநலன் இருந்தால்' என்ற பகுதி மட்டும் யார் கண்ணுக்கும் பட்டதில்லை, என் கண்ணுக்கும்தான்.

ஒரு சம்பவம் மட்டும் திருப்தியாக இருந்தது. எங்கள் துறை ஊழியரின் மனைவி, ஜீவனாம்ச வழக்குக்காகக் கணவரின் சம்பளச் சீட்டைக் கேட்டிருந்தார். பிரிவு 11-ன்படி அந்த ஊழியருக்கு ஐந்து நாளுக்குள் கடிதம் அனுப்பினேன். அவர் பத்து நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம், சொன்னார். கோபமாகவே சொன்னார். மூன்றாம் நபர் ஆட்சேபம் சொன்னால் கோப்பை மூடிவிட வேண்டும் என்று பல அலுவலர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், முடிவு நம்முடையது. அரசு ஊழியரின் மாதச் சம்பளம் எப்படியும் பிரிவு 4-ன்கீழ் நாங்களே வெளியிட வேண்டிய ஒன்று. ஆகவே மொத்தச் சம்பளத்தைக் கொடுத்தேன். கூட்டுறவுச் சங்கக் கடன், காப்பீட்டுப் பிடித்தம் இதையெல்லாம் மறைத்தேன். இரண்டு பேருமே மேல்முறையீட்டுக்குப் போனார்கள்! என் ஆணை மாறாமல் நின்றது.

இன்னொன்று, சின்ன விஷயம். மார்க்கரால் அடித்த தாளை அப்படியே கொடுக்காதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து தெரியும். அடித்ததை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலைக் கொடுக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு மனுதாரர், எனக்கு வந்த வெட்கத்தைக் கேட்காதீர்கள்.

ஏரிக்கரை

எல்லோரும் பட்டியலில் இருக்கும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். மனு போடுகிறவனின் பெயர் என்ன ஆகிறது?

ஏரி ஆக்கிரமிப்பு பற்றி ஒரு மனு போட்டேன். சர்வே எண், அளவு, அகற்ற நோட்டீஸ் கொடுத்தார்களா, அவ்வளவுதான் கேள்வி. நாலாவது நாள் என் போனுக்கு அழைப்பு. "சார், மனு போட்டீங்களாமே, நேர்ல பேசிக்கலாமே" என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பையன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் மனுவில் நான் போன் எண் எழுதவே இல்லை. முன்னொரு முறை வேறு வேலைக்கு அதே அலுவலகத்தில் கொடுத்திருந்தேன்.

எனக்குத் தகவல் வந்தது முப்பத்தைந்தாம் நாள். என்னைப் பற்றிய தகவல் அவர்களுக்குப் போனது நாலாம் நாள். இதற்கு எந்தப் பிரிவும் குறுக்கே வரவில்லை.

பிரிவு 6(2)-ன்படி காரணம் சொல்ல வேண்டாம், தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர எந்தச் சொந்த விவரமும் தர வேண்டாம். 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், மனுதாரர் தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்றது. அப்புறம் நான் ஒரு தபால் பெட்டி வாங்கினேன். பெயரை மாற்ற முடியாதே.

மூன்றாம் முயற்சி

போட்டித் தேர்வு எழுதியவன் நான். எழுதிய விடைத்தாளை நாமே கேட்டுப் பார்க்கலாம் என்று 2011-லேயே சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தியவர் பெயரை மட்டும் மறைப்பார்கள், அது நியாயம்தான், இல்லாவிட்டால் அவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். என் தாள் வந்தது. ஒரு கேள்விக்குத் திருத்தாமலே அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்கள். ஆனால் எனக்குமேல் தேர்வானவர்களின் மதிப்பெண்ணைக் கேட்டபோது தனிப்பட்ட தகவல் என்றார்கள். அரசு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், எந்த மதிப்பெண்ணில் எடுத்தார்கள் என்பது எப்படித் தனிப்பட்டதாகும்? எனக்கு அவர்களின் போன் எண்ணோ பிறந்த தேதியோ வேண்டாம்.

யாரோ ஒருவர்

எங்கள் ஊரில் ஒரு நலத்திட்டப் பட்டியலை அந்த அலுவலகமே இணையத்தில் ஏற்றியிருந்தது. என் அம்மாவின் ஆதார் எண், கணக்கு எண், எல்லாம் முழுசாக. மறைக்கச் சொல்லி மனு எழுதி, நாலு முறை நடந்து, கடைசியில் எடுத்தார்கள். 2017-ல் 210 அரசு இணையதளங்களில் இப்படி ஆதார் விவரங்கள் வெளியே கிடந்ததாக அரசே ஒப்புக்கொண்டது நினைவிருக்கும். நாம் கேட்டால் ரகசியம், அவர்களாகப் போட்டால் வெளிப்படைத்தன்மை.

குறுக்குக் கேள்வி

இதுவரை எழுதிய எல்லோருடைய அனுபவமும் பழைய சட்டத்தில் நடந்தது. இப்போது நிலைமை வேறு. 8(1)(ஜே) முன்பு நீளமான பிரிவு. பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற தகவல் என்றால்தான் மறுக்கலாம், அதுவும் பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் எடுத்துவிட்டு 'தனிப்பட்ட தகவல்' என்பதை மட்டும் விட்டுவைத்தது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் அமலுக்கும் வந்துவிட்டது.

2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னதைத்தான் காரணமாகக் காட்டுகிறார்கள். நான் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவன். ஆனால் 1994-ல் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் தொடங்கிய மக்கள் விசாரணைகளை யோசித்துப் பாருங்கள். கூலிப் பட்டியலைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். தான் போகாத வேலைக்குத் தன் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதை ஆட்கள் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கே அதுதான் விதை. கூலிப் பட்டியலில் பெயரைத் தவிர என்ன இருக்கிறது? பெயரை எடுத்துவிட்டால் ஊழலைக் காட்டும் தாள் வெறும் கூட்டல் கணக்காகிவிடும்.

ரிட்டயர்டு தகவல் அலுவலர்

நீங்கள் சொல்வது சரி, ஆனால் முழுசாகக் கதவு சாத்தப்படவில்லை. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன் கெடுதலைவிடப் பெரிது என்றால் தரலாம். பிரிவு 10-ம் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், முன்பு பொதுநலனைப் பார்க்க வேண்டியது அந்தப் பிரிவுக்குள்ளேயே அலுவலரின் கடமையாக இருந்தது. இனி மனுதாரர்தான் எழுதிக் கேட்டு வாதாட வேண்டும். என்னைப் போல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளை வைத்திருப்பவர் 8(2)-ஐத் தானாகத் தேடிப் போவார் என்று நான் நம்பவில்லை.

குளிர் தேசத்தான்

நார்வேயில் இருக்கிறேன். இங்கே ஒவ்வொருவரின் வருமானமும் கட்டிய வரியும் தேடிப் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதும்தான். ஆனால் 2014-லிருந்து யார் தேடினார்கள் என்பது தேடப்பட்டவருக்குத் தெரியும். அதற்கப்புறம் தேடுகிறவர்கள் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிட்டது. நானும் ஒரே ஒருமுறைதான் தேடினேன். அடுத்த வாரம் அந்த நண்பன் சிரித்துக்கொண்டே விசாரித்தான்.

மனு எழுதுகிறவன்

குளிர் தேசத்தான் எழுதியதைப் படித்ததும் எங்கள் குழுவில் இருக்கும் 180 பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். யார் பார்த்தார்கள், யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று எனக்கே தெரியாது. குழுவிலிருந்து அந்தப் படங்களை நீக்கிவிட்டேன், ஆனால் நீக்கி என்ன பயன்.

இந்த இழையைத் தொடங்கக் காரணம் போன வாரம் நடந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு நாலு மாதமாகப் பணம் வரவில்லை. யாரிடம் கேட்டாலும் மேலே அனுப்பியிருக்கிறோம் என்கிறார்களாம். மூன்று வருஷம் கழித்து என் வீட்டுக்கு வந்து, மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். "திட்டத்தோட பேரைப் போடாம எழுத முடியுமா?" என்றும் கேட்டார். ரிட்டயர்டு சார், முடியுமா?

ரிட்டயர்டு தகவல் அலுவலர்

முடியும் தம்பி. ஆணை எண்ணும் தேதியும் மட்டும் எழுதுங்கள், திட்டத்தின் பெயர் தேவையில்லை. தன் கோப்பைத் தானே கேட்கிறார், அதில் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க ஒன்றுமில்லை. மனு அவர் பெயரில், அவர் கையெழுத்தில் இருக்கட்டும், உங்கள் பெயரில் வேண்டாம். நிறுத்தம் எந்த ஆணையின்படி, அந்த ஆணையின் நகல், குறிப்புக் கோப்பின் நகல், இந்த மூன்றையும் கேளுங்கள். நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள், முதல் ஒரு மணி நேரம் கட்டணம் கிடையாது. பதிலை உள்ளூர் அஞ்சலகத்தில் எல்லோர் முன்னாலும் பிரித்துப் படிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் சிலசமயம் திட்டத்தின் பெயரைக் கடித உறையின் மேலேயே எழுதிவிடுவார்கள். அப்படி எழுத வேண்டாம் என்று மனுவின் கடைசி வரியில் ஒரு வேண்டுகோள் சேர்த்துவிடுங்கள்.