சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு எந்தப் பெயின்ட் வாங்கட்டும்?

கைப்பிடி_எங்கே கேட்டது:

வணக்கம். சமையலறையில் 14 கதவுகள், 4 இழுப்பறைகள். மேலே இருப்பவை பழைய மரக் கதவுகள். யாரோ எப்போதோ பளபளவென்று க்ரீம் கலர் அடித்து வைத்திருக்கிறார்கள். கீழே இருப்பவை பிற்பாடு சேர்த்தவை, எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது). அடுப்புக்கு மேலே இருக்கும் இரண்டு கதவுகளைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது.

சுவருக்கு அடித்தது போக அரை வாளி வெள்ளை எமல்ஷன் மீதி இருக்கிறது. அதையே அடித்துவிடலாம் என்கிறார் கணவர். கடைக்காரரோ ஆயில் எனாமலைத் தவிர வேறு எதுவும் நிற்காது என்கிறார். எனக்கு வெள்ளைதான் வேண்டும். பிரஷ், ரோலர் வைத்து நானே அடிக்கப் போகிறேன். யார் பேச்சைக் கேட்பது?

பாதிநாள்_பெயின்டர்:

இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள் :)

உங்கள் கணவர் சொன்னதை நான் செய்து பார்த்தவன். அடித்து முடித்த அன்று ரொம்ப அழகாக இருந்தது. மறுநாளே கதவுகளை மாட்டி மூடிவிட்டேன். நாலைந்து நாள் கழித்து ஒரு கதவைத் திறந்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். கதவு ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்குப் பெயின்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து சட்டத்தோடு போய்விட்டது. அடியில் பழைய எனாமல் ஒரு கீறல் கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

அதில் நான் செய்தது இரண்டு தப்பு. சுவர் எமல்ஷன் காய்ந்த பிறகும் கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். சுவரை யாரும் திறந்து மூடுவதில்லை, அதனால் அங்கே தெரியாது. கதவும் சட்டமும் அழுத்திக்கொண்டே இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, வழவழப்பான ஆயில் பெயின்ட் மேல் பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் நேராக அடித்தது. அதற்குப் பிடிமானமே கிடையாது.

கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஆயில் எனாமல் நல்ல கெட்டி. ஆனால் நீங்கள் கேட்பது வெள்ளை. ஆயில் வெள்ளை வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். இப்போதே உங்கள் க்ரீம் கதவைத் திறந்து உள்பக்கம் வெளியே இருப்பதைவிட மஞ்சளா என்று பாருங்கள். அது ஒருவேளை வெள்ளையாகவே பிறந்த கதவாக இருக்கலாம்!

நான் வாங்கச் சொல்வது தண்ணீரில் கலக்கும் எனாமல். டப்பாவில் அக்ரிலிக் அல்லது யூரித்தேன் என்றும், மரம், உலோகம் இரண்டுக்கும் என்றும் போட்டிருக்கும். காய்ந்தால் இறுகும், மஞ்சளாவது ரொம்பக் குறைவு, பிரஷைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். பளபளப்பில் சாட்டின், அதாவது மிதமான மினுமினுப்பு, எடுங்கள். முழு கிளாஸ் எடுத்தால் பழைய கதவின் ஒவ்வொரு பள்ளமும் எட்டிப் பார்க்கும்.

ஆயில்தான்_ராஜா:

இவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லை. என் வீட்டில் 20 வருஷமாக ஆயில் எனாமல்தான், ஒரு சில்லு கூடப் பெயர்ந்ததில்லை. கலர் சாம்பல், அதனால் மஞ்சள் பிரச்சினையும் இல்லை. வெள்ளைதான் வேண்டுமென்று அடம் பிடித்தால் மேலே சொன்னவர் சொல்வது சரி.

கைப்பிடி_எங்கே:

உள்பக்கத்தைப் பார்த்தேன். நல்ல மஞ்சள்! வெளியே க்ரீம், உள்ளே மஞ்சள் என்று ரசித்து அடித்திருக்கிறார்கள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது ஆயில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பாதிநாள்_பெயின்டர்:

பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் தண்ணீர்ப் பெயின்ட். அழுக்கு மட்டும் வந்தால் பெரும்பாலும் ஆயில். எப்படியிருந்தாலும் பிடிமானத்துக்கென்று விற்கும் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டால் அதன் மேல் தண்ணீர் எனாமல் நிற்கும்.

பிரைமருக்கும் முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள். முதலில் உப்புத்தாள் போட்டால் பிசுக்கை மரத்துக்குள்ளேயே தேய்த்து விடுவீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்து, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் 150 நம்பர் உப்புத்தாள். பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டாம், பளபளப்பு மங்கினால் போதும். அந்த இரண்டு அடுப்புக் கதவுகளை மூன்று தடவை கழுவுங்கள். கைப்பிடியைச் சுற்றியும்தான், அங்கே கை எண்ணெய் ஏறியிருக்கும்.

தச்சன்_மகள்:

அக்கா, உப்புத்தாள் போடும் முன் ஒரு நிமிடம். மேல் கதவுகள் எவ்வளவு பழசு? அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி வீடெல்லாம் பறக்கும். குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் சோதித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஈரமாகத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் கிடைக்கும், தூசி அவ்வளவாகக் கிளம்பாது. புதுப் பெயின்ட்டிலும் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90) கீழே என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

கீழே இருக்கும் எம்டிஎஃப் வேறு ஜாதி. பலகையின் முகம் சமர்த்தாக இருக்கும், வெட்டிய ஓரம் மட்டும் ஸ்பாஞ்சு மாதிரி குடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் பிரைமர் பட்டால் நார் எழும்பிச் சொரசொரப்பாகிவிடும். ஓரங்களுக்கு மட்டும் ஆயில் பிரைமர் அல்லது ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் இரண்டு கோட், நடுவே 220 நம்பர் உப்புத்தாள். மர முடிச்சுகளிலிருந்து பழுப்புக் கறை வெள்ளையில் கசியாமல் இருக்கவும் ஷெல்லாக்தான் நல்லது. வாடை தூக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணைத்துவிடுங்கள்.

கைப்பிடி_எங்கே:

ரொம்ப நன்றி தங்கச்சி. மேல் கதவுகளைச் சோதித்துவிட்டுத்தான் தொடுவேன். எத்தனை நாளில் மாட்டலாம்?

பாதிநாள்_பெயின்டர்:

மெல்லிசாக இரண்டு கோட், இடைவெளி டப்பாவில் போட்டிருக்கிற நேரம். சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு வாரம் பொறுத்து மாட்டுங்கள். மாட்டிய பிறகும் சில நாள் ஒருக்களித்தே வையுங்கள், மூலையில் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டுங்கள். முழுசாக இறுகும் வரை ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைக்க வேண்டாம்.

அப்புறம், கழற்றும்போது ஒவ்வொரு கதவுக்கும் எண் போடுங்கள். கீல் உட்காரும் குழிக்குள் பேனாவால் எழுதி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். நான் கதவின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, அதன் மேலேயே இரண்டு கோட் அடித்தேன்.