‘அலட்டிக்கொள்ளாமல்’: எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தந்து உதவுங்கள்

நண்பர்களே, தமிழ் கற்பவர்களுக்காக மரபுத்தொடர்க் குறிப்பு தயாரிக்கிறோம். ‘அலட்டிக்கொள்ளாமல்’ என்ற இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

‘அலட்டுகிறான்’ என்றால் பீற்றிக்கொள்கிறான். ‘கொள்’ சேர்ந்து எதிர்மறையானதும் பொருள் மாறி, பதறாமல், பெரிதுபடுத்தாமல் என்றாகிறது. கற்பவர்கள் சறுக்குவது அதற்கு அடுத்த படியில். பின்னால் வரும் வினைதான் தொனியை முடிவு செய்கிறது. ‘பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தும், அலட்டிக்கொள்ளாமல் கியரைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டினார்’ என்றால் பாராட்டு. ‘அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மகன் அலட்டிக்கொள்ளாமல் இருக்கிறான்’ என்றால் அக்கறையில்லை என்ற குறை. செயல்வினை வந்தால் நிதானம், வெறும் ‘இரு’ வந்தால் பெரும்பாலும் அலட்சியம் என்று பிரித்திருக்கிறோம். ‘பதறாமல்’ என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கல் குறைவு, பெரும்பாலும் நல்ல பொருள்தான்.

பெரியவர்களிடம் ‘அலட்டிக்காதீங்க’ என்பது ‘பந்தா பண்ணாதீங்க’ என்று காதில் விழலாம். அங்கே ‘பதட்டப்படாதீங்க’ என்பதையே பரிந்துரைக்கிறோம்.

எங்கள் பிரிவுக்குப் பொருந்தாத வாக்கியம்தான் முக்கியமாகத் தேவை: ‘இரு’ வந்தும் பாராட்டாக நிற்பது, செயல்வினை வந்தும் குறையாக ஒலிப்பது. ‘அலட்டிக்கொண்டான்’ என்று உடன்பாட்டில் உங்கள் பக்கம் சொல்வார்களா? பேச்சுவழக்கைத் திருத்தாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள். யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது, எந்த வட்டாரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். தனிச்சொல்லை மட்டும் தந்தால் தொனி பிடிபடாது.