பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் எவ்வளவு கொடுக்கலாம்?

தொண்டிக்கரை:
பிள்ளை பெற்று ஐந்து நாள். எங்கள் பக்கம் நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் தருவார்கள். கூடுதலாகக் குடித்தால் வயிறு பெருக்குமாம், பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். சுறாப்புட்டு மட்டும் தினமும் உண்டு. பத்தியத்தில் எதை விடுவது?

உப்புக்காத்து:
தண்ணீர்க் கட்டுப்பாட்டை இன்றைக்கே விடுங்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். குறைத்தால் நீர்க்கடுப்பு வரும், மலம் இறுகும், முக்கினால் தையல் போட்ட இடம் உயிர் போகும். காலில் ரத்தம் உறையவும் வழி. பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு செம்பு இருக்கட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் பற்றவில்லை என்று அர்த்தம். வயிறு தெரிவது கருப்பை சுருங்காததால். பழைய அளவுக்கு வர 6 வாரம் பிடிக்கும். கிணறு உப்பு, லாரித் தண்ணீர்தான் என்றால் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். மாமியார் வெந்நீர்தான் என்று பிடிவாதம் பிடித்தால் வெந்நீரே கொடுங்கள், அதற்கு ஒரு சண்டை எதற்கு!

நெத்திலி:
சுறா தினமும் வேண்டாம். பெரிய மீனில் பாதரசம் சேரும், பாலிலும் கொஞ்சம் இறங்கும். காரல், சாளை, நெத்திலி போதும். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச்சத்தும் ஆச்சு. இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். சுண்ணாம்புச்சத்து மாத்திரை நாளைக்கு இரண்டு. இரண்டு வகையையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது, 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீயோடும் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.
தொப்புளில் வசம்பு, மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்து தானே விழும்.

தொண்டிக்கரை:
நன்றிக்கா. நேற்றிலிருந்து தலைவலி என்கிறாள். பத்து போட்டால் சரியாகுமா?

உப்புக்காத்து:
பத்து போட்டு உட்கார வேண்டாம். இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் பிரஷர் பாருங்கள். மாசமாக இருந்தபோது பிரஷர் இல்லாதவர்களுக்கும் பெற்ற பிறகு ஏறும். 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் பார்க்கணும். 160/110 என்றால் அவசரம். ஊரில் ஜன்னி என்று சொல்லித் தலையில் துணி கட்டி வைக்கிற வலிப்பு பல நேரம் இதுதான். கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு உதிரப்போக்கு நாறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.