பால்டர்ஸ் கேட் 3 முடித்த பிறகு எதை விளையாடினீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பால்டர்ஸ் கேட் 3 என்ற ரோல்பிளேயிங் கேமை முடித்துவிட்டேன். நான்காம் பாகத்தைத் தாங்கள் செய்யப்போவதில்லை என்று அதைச் செய்த லாரியன் நிறுவனம் 2024 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது, ஆகவே அதற்காகக் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. அடுத்து எது என்று தேடினால் எங்கே பார்த்தாலும் பட்டியல்கள்தான். அதே ஏழெட்டுப் பெயர்கள், வரிசை மட்டும் மாறுகிறது. ஒருவர் உயிராக நினைக்கிற கேமை இன்னொருவர் இரண்டு மணி நேரத்தில் அன்இன்ஸ்டால் செய்வது ஏன் என்று எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

அதனால் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். போன கேமில் உங்களைப் பிடித்து உட்கார வைத்தது எது, அதை வைத்து அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், அங்கே என்ன நடந்தது என்று ஒரு சம்பவத்தோடு சொல்லுங்கள். எனக்கு இரண்டு விஷயங்கள் நிற்கின்றன. ஒன்று, கிரிம்ஃபோர்ஜ் உலையில் வரும் கிரிம் என்ற உலோக அரக்கன். எரிமலைக் குழம்பில் நின்று உடல் பழுக்கக் காய்ந்திருக்கும்போதுதான் அதற்கு அடி ஏறும், கடைசியாக அடித்தவரைத்தான் அது துரத்தும். அதைத் தெரிந்துகொண்டு ஒவ்வோர் அடியாக இழுத்து வந்து, பெரிய சம்மட்டிக்கு நேர் கீழே நிறுத்தி நெம்புகோலைத் தட்டினேன். இன்னொன்று, வழியில் கிடந்த பிணம் ஒன்றையும் விடாமல் ஸ்பீக் வித் டெட் மந்திரம் போட்டுப் பேசியது. இதில் எது நான் என்று எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.

*

எனக்கு சண்டைதான். கதை பிடிக்காமல் இல்லை, ஆனால் படுத்த பிறகும் தலைக்குள் ஓடியது யாரை எந்தப் பக்கம் தள்ளினால் எவன் பள்ளத்தில் விழுவான் என்ற கணக்குத்தான். நீங்களும் அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2. அதே லாரியன், 2017இல் வந்தது. எண்ணெய், தீ, தண்ணீர், மின்சாரம் என்று தரையையே ஆயுதமாக்குகிற வித்தை அங்கே இன்னும் முழுவீச்சில் இருக்கிறது. பால்டர்ஸ் கேட்டில் ஒரு டர்னுக்கு, அதாவது உங்கள் முறை வரும்போது, ஓர் ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன் என்று கட்டிப்போட்டிருப்பார்கள். இதில் டர்னுக்கு நான்கு ஆக்‌ஷன் பாயின்ட், செலவழிக்காமல் வைத்தால் ஆறு வரை சேரும், அதை எப்படிப் பிரித்துச் செலவழிப்பது என்பது உங்கள் பாடு.

சம்பவம் கேட்டீர்கள். ஃபோர்ட் ஜாய் கடற்கரையில் மூன்று முதலைகள் இருக்கும். பார்த்தால் சாதாரண முதலைகள், வில்லாளியை மேட்டில் தள்ளி நிறுத்திவிட்டு நிதானமாக ஆரம்பித்தேன். முதல் சுற்றிலேயே அதில் ஒன்று நின்ற இடத்திலிருந்து மறைந்து நேராக என் வில்லாளி பக்கத்தில் வந்து இறங்கியது. முதலை எப்படி டெலிபோர்ட் ஆகும்? கொன்ற பிறகு சோதித்துப் பார்த்தால் டெலிபோர்ட் கையுறை கிடைக்கிறது! அந்த ஒரு கையுறையோடு கேமே மாறிவிட்டது. உயரத்தில் நின்று அம்பு விட்டவனைத் தூக்கி நான் மூட்டிய தீக்குள்ளேயே போட்டேன், நடந்து போக வழியில்லாத இடத்துக்குக் கூட்டாளியைத் தூக்கிப் போட்டேன், எதற்கும் யாரும் தடை சொல்லவில்லை. இப்படி நம் மூளையை நம்பி விடுகிற கேம்கள் குறைவு.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். எதிரிக்கு உடல் கவசம், மாயக் கவசம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். முதலாவது தீரும்வரை கீழே தள்ள முடியாது, இரண்டாவது தீரும்வரை உறைய வைக்க முடியாது. இரண்டு பேர் வாள், இரண்டு பேர் மந்திரம் என்று பார்ட்டியைப் பிரித்தால் இரு பட்டையும் பாதிப் பாதியாக நின்று சண்டை இழுக்கும். பலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்தது, ஏனென்றால் முதலில் யாரை உடைப்பது என்று ஒவ்வொரு சண்டையிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

*

எல்லோரும் நேரத்தையும் கம்ப்யூட்டரையும் மறந்துவிடுகிறீர்கள். பால்டர்ஸ் கேட் 3 மட்டும் 150 ஜிபி எஸ்எஸ்டி கேட்கிறது, என் பழைய லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது. வேலை முடிந்து வந்தால் எனக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். ஒரே அமர்வில் ஒரு வேலை முழுசாக முடிய வேண்டும், நாளைக்கு வந்து உட்கார்ந்தால் எங்கே விட்டோம் என்று தேடக்கூடாது. அந்தக் கணக்கில் நான் எடுத்தது ஷேடோரன்: டிராகன்ஃபால். 2014இல் வந்தது, டர்ன் முறைச் சண்டை, சாதாரண லேப்டாப்பிலும் ஓடும்.

2054ஆம் ஆண்டு பெர்லின். முதல் வேலையிலேயே குழுவின் தலைவி மோனிகா செத்துப்போகிறாள், அவள் இடத்தில் நீங்கள். அவள் ஏன் செத்தாள் என்ற தகவலை வாங்க ஐம்பதாயிரம் நுயென் பணம் சேர்க்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு வேலையாக எடுக்கிறீர்கள். ஒரு வேலை, திரும்ப வந்து கிராய்ட்ஸ்பசார் தெருவில் நாலு பேரிடம் பேச்சு, மறுபடி ஒரு வேலை. என் ஒரு மணி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது. குழுவில் ஐகர் என்று ஒருத்தி, பழைய ராணுவக்காரி, ஆரம்பத்தில் உங்களை நம்பவே மாட்டாள். ஒவ்வொரு வேலை முடிந்து வந்தும் அவளிடம் பேசிப் பாருங்கள். கேமின் நீளத்தை யாரும் குறையாகச் சொல்லாதீர்கள். முடித்துவிட முடிகிற கேம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

*

பிணங்களோடு பேசினேன் என்று திரி தொடங்கிய நண்பர் எழுதியிருக்கிறாரே, அங்கேயே அவருக்கு விடை இருக்கிறது. நானும் அதே ஜாதி. யாரையாவது வெட்டுவதற்கு முன்னால் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட வேண்டும் எனக்கு. அப்படிப்பட்டவர்கள் டிஸ்கோ எலிசியம் பக்கம் போகாமல் இருப்பது பெரிய நஷ்டம். 2019இல் வந்தது, எஸ்டோனியாவில் தொடங்கிய குழு செய்தது, வழக்கமான சண்டை முறை என்று ஒன்று இதில் இல்லவே இல்லை.

நீங்கள் ஒரு போலீஸ்காரர். நினைவு முழுதும் அழிந்த நிலையில் ஹோட்டல் அறைத் தரையில் கண் விழிக்கிறீர்கள். மேலே மின்விசிறியில் உங்கள் டை சுற்றிக்கொண்டிருக்கிறது. உடம்புக்குப் புள்ளி போடாமல் கேரக்டர் செய்தவர், விளக்கைப் போட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்தே மாரடைப்பில் செத்துப்போகலாம். இது பிழையல்ல, கேமே அப்படித்தான். இருபத்து நான்கு ஸ்கில்கள், ஒவ்வொன்றும் உங்கள் தலைக்குள் பேசும். நீங்கள் ஒருவரை விசாரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு குரல் அவர் பொய் சொல்கிறார் என்னும், இன்னொன்று அந்தச் சிகரெட்டைக் கேள் என்னும், என்சைக்ளோபீடியா யாரும் கேட்காத சரித்திரத்தைச் சொல்லும். பகடை தோற்றாலும் பெரும்பாலும் கதை நின்றுபோகாது, வேறு பக்கம் திரும்பும். வெள்ளை நிறத்தில் வரும் பகடைச் சோதனையை அந்த ஸ்கில்லுக்குப் புள்ளி ஏற்றிவிட்டு மறுபடி முயலலாம், சிவப்பு ஒரே ஒரு தடவைதான். தோற்ற சிவப்புச் சோதனைக்காகப் பழைய சேவ் ஃபைலை லோட் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன், சில நல்ல காட்சிகள் தோற்றவருக்குத்தான் கிடைக்கும்.

கிம் கிட்சுராகி பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கூட வரும் அதிகாரி. எவ்வளவு கோமாளித்தனம் செய்தாலும் குறிப்பேட்டை எடுத்து நிதானமாக எழுதிக்கொள்வார். அவர் மெச்சி ஒரு வார்த்தை சொன்னால் ஒரு லெவல் ஏறியதைவிட அதிகச் சந்தோஷம் வருகிறது.

இது பிடித்துப்போனால் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். 1999இல் வந்த கேம், 2017இல் மெருகேற்றிய பதிப்பும் வந்தது. அதில் பிண அறையில் கல்மேடை மேல் எழுந்திருக்கிறீர்கள், சாவே இல்லாத ஆள் நீங்கள். பக்கத்தில் மிதந்து வரும் மண்டையோடு மோர்ட் உங்களிடம் பேச ஆரம்பிக்கும். அதே அறைகளில் டால் என்று ஒரு கிழட்டு எழுத்தர், இருமிக்கொண்டே பேரேட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அவரை வெட்டிவிட்டும் போகலாம். நின்று பேசினால் நீங்கள் எத்தனையோ தடவை இதே அறைக்கு வந்து போனது தெரியவரும். விஸ்டம், இன்டெலிஜென்ஸ், கரிஸ்மா மூன்றையும் உயர்த்திக்கொண்டு போங்கள். அதில் சண்டை சுமார்தான், அதற்காக அதை எடுக்காதீர்கள்.

*

பழைய பால்டர்ஸ் கேட் 1, 2 எடுக்கலாமா? மூன்றில் வரும் ஜஹீராவையும் மின்ஸ்கையும் முன்கதையோடு பார்க்க ஆசை.

*

எடுக்கலாம், ஆனால் மூன்றின் வசதியை எதிர்பார்க்காமல் எடுங்கள். முதல் பாகம் 1998. ஜஹீரா ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் என்ற சத்திரத்துக்கு உள்ளே காத்திருப்பாள். வாசற்படியில் டார்னெஷ் என்று ஒரு மந்திரவாதி உங்கள் பெயரைக் கேட்பான், சொன்னதும் தன்னைச் சுற்றிப் போலி உருவங்களை உண்டாக்கிக்கொண்டு உங்கள் ஆட்களை பயந்து ஓட வைப்பான். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நான்கோ ஆறோ இருக்கும், ஓர் அம்பு போதும். அடி படுமா என்று தீர்மானிக்கும் தாக்கோ எண் குறைவாக இருந்தால்தான் நல்லது, கவச எண்ணும் அப்படியே. அதைப் பழகிவிட்டால் 2000இல் வந்த இரண்டாம் பாகம் இன்றும் அசத்துகிறது.

*

லெவல் ஏறும் திரையில் நீங்கள் எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள் என்று பாருங்கள். என் தேர்வு முழுக்க அதை வைத்துத்தான். பால்டர்ஸ் கேட் 3இல் பன்னிரண்டாம் லெவலோடு முடிந்துவிட்டதே என்று ஏங்கியவன் நான். அதனால் பாத்ஃபைண்டர் பக்கம் போனேன். முதலில் கிங்மேக்கர், 2018. அப்புறம் ராத் ஆஃப் தி ரைச்சஸ், 2021. இரண்டாவதில் லெவல் இருபது வரை போகும், அதற்கு மேல் மிதிக் பாதை என்று தேவதையாகவோ, அசுரனாகவோ, சாவை வென்ற லிச்சாகவோ மாறலாம்.

கிங்மேக்கரின் ஆரம்பத்தில் ஒரு கிழவர் குகையிலிருந்து ஃபேங்பெர்ரி பறித்து வரச் சொல்வார். பார்த்தால் பழம் பறிக்கும் வேலை. உள்ளே சிலந்திக் கூட்டம். ஒரு சிலந்தி அல்ல, ஆயிரக்கணக்கில் தரையில் ஊர்கிற கூட்டம், அதற்கு வாள் வெட்டு ஏறவே ஏறாது. என் வீரன் சுற்றி சுற்றி வீசுகிறான், எண் மட்டும் பூஜ்யம். ஆல்கெமிஸ்ட் ஃபயர் குப்பிகளை எறிந்தபோதுதான் கூட்டம் கருகியது. எல்லா எதிரிக்கும் ஒரே பதில் கிடையாது, பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேம் முதல் அத்தியாயத்திலேயே கேட்கிறது. இந்தக் கேள்வி சுவாரசியமாகப் படுகிறவருக்கு இதைவிட நல்ல கேம் இல்லை, எரிச்சலாகப் படுகிறவர் கஷ்டம் அளவைக் குறைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனித்தனி அமைப்புகள் ஏராளம். ஒரே வகை போனஸ் இரண்டு பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று சேராது, இதை மட்டும் முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ராத்தில் படை நடத்தும் பகுதி எனக்கு அலுப்பாக இருந்தது, அதை ஆட்டோவில் விட்டுவிடலாம்.

*

நிறுத்தி நிறுத்தி ஆடும் ரியல்டைம் சண்டையைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி, அப்சிடியன், 2015. ஊருக்குள் நுழைந்ததுமே மரத்தில் பிணங்கள் தொங்கும். ஆன்மா இல்லாமல் குழந்தைகள் பிறக்கிற தேசம் அது, பயத்தில் ரேட்ரிக் பிரபு ஆட்களைத் தூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கோட்டைக்குள் முன்வாசல் வழியாக வெட்டிக்கொண்டும் போகலாம், சாக்கடை வழியாகவும் போகலாம், கொடியைப் பிடித்துச் சுவரேறியும் போகலாம். உள்ளே போய் அவரிடம் பேசிவிட்டு, அவரைக் கொல்ல உங்களை அனுப்பியவனுக்கே எதிராகத் திரும்பவும் செய்யலாம். ஒரு சின்ன ஊரின் ஒரு வேலைக்கு இவ்வளவு வழிகள்.

தங்க நிறத்தில் பெயர் தெரியும் ஆட்களின் கதைகள் கேம் உருவாகப் பணம் கொடுத்து ஆதரித்தவர்கள் எழுதியவை, கதைக்குத் தொடர்பில்லை, தாண்டிப் போய்விடுங்கள். டர்ன் முறைதான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாம் பாகமான டெட்ஃபயரில் 2019இலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள், கப்பலில் தீவு தீவாகச் சுற்றலாம்.

*

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு என் பழைய சேவ்களைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் எங்கெல்லாம் பேசித் தப்பிக்க முடியுமோ அங்கெல்லாம் பேசித்தான் தப்பித்திருக்கிறேன். டிஸ்கோ எலிசியம் டவுன்லோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரிஜினல் சின் 2ஐ நான்கு பேர் சேர்ந்து ஆடலாம் என்பதால் நண்பர்களுக்கு விடுமுறை வரும்வரை தள்ளி வைக்கிறேன். முதல் கேரக்டருக்கு இன்டலெக்ட் (அறிவு) அதிகம் போடுவதா, சைக் (மனம்) அதிகமா? கதையை உடைக்காமல் சொல்லுங்கள்.

*

சைக் ஐந்து. பிசீக்கை (உடல்) ஒன்றில் விடாதீர்கள், உடல்நலம் ஒரே புள்ளியாக இருக்கும், அந்த விளக்கு நினைவிருக்கட்டும்.